ரிவர்ட் பேக் செய்யாதீர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் கொடுத்தாகிவிட்டதா? அடுத்த வேலை ஒரு இ-மெயில் முகவரி உருவாக்குவதுதான். அதற்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் அதில் உட்கார்ந்து என்ன எழுதுவது என்பதில்தான் பலருக்குத் தடுமாற்றம். பேங்க்கிற்கு எழுத வேண்டியிருக்கும். பையன் படிக்கும் காலேஜிற்கு எழுத வேண்டியிருக்கும். சிறு வியாபாரம் செய்பவராக இருந்தால் வெளியூர், வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கும் எழுத வேண்டியிருக்கும். தமிழில் எழுதினால் போதும் என்கிற இடங்களில் தமிழிலேயே எழுதுங்கள். யூனிகோட் வந்த பிறகு எழுத்துரு பிரச்சினை எல்லாம் பழைய கதையாகிவிட்டது. ஆங்கிலத்தில்தான் எழுதியாக வேண்டும் என்னும்போது நம்மில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். நமக்கு ஏற்கெனவே வந்த ஒரு மெயிலைத் திறந்து, அதில் உள்ள வாக்கியத்தைக் காப்பி செய்து, நம் மெயிலில் பேஸ்ட் செய்துகொள்வோம்.

நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். அப்படி எடுத்துப் போட்ட ஒரு வாக்கியத்தால் ஒரு வயதான தம்பதி ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்தும், எதைப் பார்க்க வந்தார்களோ அதைப் பார்க்க முடியாமல் போனது. தவறு முழுக்க என்னுடையது. அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதும் தகுதி எனக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

திருவண்ணாமலையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்து, பிறகு அதையே கம்ப்யூட்டர் சென்டராக மாற்றிக்கொண்டவன் நான். என் மாமா செங்கம் சாலையில், ரமணாசிரமத்திற்குக் கொஞ்சம் தள்ளி ஆறு அறைகள் கொண்ட ஒரு தங்கும் விடுதி வைத்திருக்கிறார். அவர் வாய் திறந்தால் வியாபாரம் நடக்கும். ஆனால் கீபோர்டைத் தொடமாட்டார். விடுதிக்கு வரும் ஆங்கில மெயில்களுக்குப் பதில் அடிப்பது என் வேலை.

2017-ம் ஆண்டு கார்த்திகை தீபம் டிசம்பர் 2-ம் தேதி வந்தது. அந்த ஆண்டு ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு தம்பதி தீபம் முடிந்து நான்கு நாள் கழித்து வந்து தங்கினார்கள். 2,668 அடி உயர மலையின் உச்சியில் அப்போதும் தீபம் எரிந்துகொண்டிருந்தது. ஏற்றிய நாளிலிருந்து பதினோரு நாள் அது எரியும் அல்லவா? அதைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை ஏற்றும் நேரத்திலேயே இருக்க வேண்டும் என்று அந்த அம்மா ஆசைப்பட்டார். ஊருக்குத் திரும்பியதும் 2018 டிசம்பர் 1-ம் தேதிக்கு அறை பதிவு செய்துவிட்டார். கார்த்திகை தீபம் கிறிஸ்துமஸ் மாதிரி ஒரே தேதியில் வராது, நட்சத்திரத்தையும் பௌர்ணமியையும் பார்த்து மாறும் என்பது அவருக்குத் தெரியாது. எங்களுக்கும் அப்போது சொல்லத் தோன்றவில்லை.

செப்டம்பரில் அவரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. இந்த ஆண்டு தீபம் நவம்பர் 23 என்று தெரிந்துகொண்டேன், எங்கள் பதிவை நவம்பர் 21-க்கு மாற்ற முடியுமா, விமான டிக்கெட்டை இந்த வாரத்திற்குள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தார். தீப நாளுக்கு ஊரில் ஒரு பாய் விரிக்கக்கூட இடம் கிடைக்காது என்பது தெரிந்த விஷயம். மாமா யோசித்தார். "மாப்ள, அந்த ரூமை சேலத்துக்காரர் ஒருத்தர் வாய்ச்சொல்லா கேட்டு வெச்சிருக்காரு. அவர்கிட்ட பேசிட்டுச் சொல்றேன். இப்போதைக்குத் தேதியைக் குறிச்சுக்கிட்டோம், நாளைக்குள்ள பதில் சொல்றோம்னு போடு" என்றார்.

நான் போட்டேன். எப்படி என்றால், முதல் வாக்கியம்: உங்கள் புதிய தேதிகளைக் குறித்துக்கொண்டோம். இரண்டாவது வாக்கியம்: 'வீ வில் ரிவர்ட் பேக் பை டுமாரோ.' எனக்கு வரும் ஆபீஸ் மெயில்களில் பாதிக்கு மேல் இந்த வாக்கியம் இருக்கும். நல்ல கௌரவமான ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையிலேயே அந்த அம்மாவின் பதில் வந்துவிட்டது. புரிகிறது, பரவாயில்லை, பழைய தேதியே இருக்கட்டும், டிசம்பர் 1-ம் தேதி சந்திப்போம் என்று மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார். படித்துவிட்டு மாமாவுக்குப் போன் செய்தேன். "மாமா, அவங்க மனசு மாறிட்டாங்க போல. பழைய தேதியே போதுமாம்." மாமா அதற்குள் சேலத்துக்காரரிடம் பேசி, அவரை வேறு இடத்துக்குச் சம்மதிக்க வைத்திருந்தார். "அடடா" என்றவர், அறையை மறுபடி அவருக்கே கொடுத்துவிட்டார்.

டிசம்பர் 1-ம் தேதி தம்பதி வந்து சேர்ந்தார்கள். தீபம் ஏற்றி ஒன்பதாவது நாள். இரவு மொட்டை மாடியில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மாமாவிடம் ஏதோ கேட்டிருக்கிறார். மாமா எனக்குப் போன் செய்து, "அவங்க என்னமோ வருத்தமா கேக்கறாங்க மாப்ள, நீ வந்து பாரு" என்றார். போனேன். அவர் கேட்டது இதுதான்: தேதியை மாற்றிக் குறித்துக்கொண்டோம் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே நாளைக்குள் பழையபடி மாற்றிவிடுவோம் என்று ஏன் எழுதினீர்கள்? கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். போனை எடுத்து அந்த மெயிலைத் திறந்து காட்டினார். நான் அடித்த வரி. ரிவர்ட் பேக்.

அப்போதும் எனக்குப் புரியவில்லை. பதில் சொல்வோம் என்றுதானே எழுதியிருக்கிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டி, ரிவர்ட் என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது, பதில் சொல்வது இல்லை என்றார். அன்றைக்கு வீட்டிற்கு வந்து அகராதியைப் புரட்டினேன். அவர் சொன்னதுதான் சரி.

உங்கள் கம்ப்யூட்டரே சொல்லும்

அகராதி வேண்டாம், உங்கள் கம்ப்யூட்டரிலேயே இதைப் பார்த்துவிடலாம். டெஸ்க்டாப்பில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்யுங்கள். வரும் மெனுவில் டிஸ்ப்ளே செட்டிங்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கீழே டிஸ்ப்ளே ரெசல்யூஷன் என்று ஒரு பெட்டி இருக்கும். இப்போது அதில் என்ன எண் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பட்டியலில் உள்ள வேறு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். திரை ஒரு கணம் கறுத்து, எழுத்துகள் பெரிதாகவோ சிறிதாகவோ மாறும். பயப்பட வேண்டாம். கூடவே ஒரு சிறிய விண்டோ வந்து நிற்கும். இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு, கீப் சேஞ்சஸ், ரிவர்ட் என்று இரண்டு பட்டன்களைக் காட்டும். 15 நொடிகளில் முந்தைய அமைப்புக்கே திரும்பிவிடுவேன் என்று எண்ணிக்கொண்டும் இருக்கும்.

எதையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். 15 நொடி முடிந்ததும் திரை பழையபடி ஆகிவிடும். இதுதான் ரிவர்ட். விண்டோஸ் உங்களுக்குப் பதில் எதுவும் சொல்லவில்லை. பழைய நிலைக்குப் போனது, அவ்வளவுதான். (இந்த 15 நொடி ஏற்பாடு எதற்கு என்று யோசித்திருக்கிறீர்களா? மானிட்டர் தாங்காத ஒரு அமைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டால் திரையில் ஒன்றும் தெரியாது. பட்டனைத் தேடி கிளிக் செய்யவும் முடியாது. அதனால் நாம் ஒன்றும் செய்யாவிட்டால் அதுவே பழைய இடத்துக்குப் போய்விடும்படி செய்து வைத்திருக்கிறார்கள்.)

ஃபோட்டோஷாப் பயன்படுத்துபவர்கள் ஃபைல் மெனுவைத் திறந்து பாருங்கள். அங்கேயும் ரிவர்ட் என்று ஒரு கட்டளை உண்டு. எஃப் 12 கீயை அழுத்தினாலும் அதுவே நடக்கும். கடைசியாக சேவ் செய்தபோது படம் எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் செய்த வேலை எல்லாம் ஒரே அடியில் போய்விடும். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளிலும் ஃபைல் மெனுவில் இதே கட்டளை இருக்கிறது. அது எச்சரித்துவிட்டுத்தான் செய்யும். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் நீக்கிப் பழைய வடிவத்தைக் கொண்டுவருவதற்கும் ரிவர்ட் என்றே பெயர். ஒரே கட்டுரையில் 24 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் ஒருவர் அப்படிச் செய்யக்கூடாது என்று அங்கே விதியே வைத்திருக்கிறார்கள்.

ஆக, கம்ப்யூட்டரில் எங்கே இந்தச் சொல்லைப் பார்த்தாலும் ஒரே பொருள்தான். இதையெல்லாம் தினமும் கிளிக் செய்துகொண்டே, அதே கையால் ரிவர்ட் என்றால் பதில் என்று மெயில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இத்தனை வருடம் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தவனுக்கு இது உறைக்கவில்லை என்பதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

இந்தச் சொல் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. 'ரி' என்றால் பின்னோக்கி, மறுபடியும். 'வெர்ட்' என்பது திரும்புதல். அதாவது திரும்பிப் போதல் என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதன் பின்னால் பேக் என்று இன்னொன்றைச் சேர்ப்பது, நாம் 'நடு சென்டர்' என்று சொல்வது மாதிரி. ரிட்டர்ன் பேக், ரிப்ளை பேக், ரிபீட் அகெய்ன் எல்லாம் இதே குடும்பம்தான். பேச்சில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். எழுத்தில் கண்ணில் உறுத்தும்.

என் அப்பா அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அவர் உயிரோடு இருந்து நான் எழுதிய மெயிலைப் பார்த்திருந்தால் முதல் பார்வையிலேயே பிடித்திருப்பார். ஏனென்றால் அவர்கள் காலத்து ஆபீஸில் ரிவர்ட், ரிவர்ஷன் என்ற சொற்களைக் கேட்டாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். தற்காலிகமாக மேல்பதவியில் உட்கார வைத்திருக்கும் ஒருவரை மறுபடி பழைய பதவிக்கே அனுப்புவதற்குப் பெயர் ரிவர்ஷன். வேறு துறைக்குப் போனவரைத் தாய்த்துறைக்குத் திருப்பி அனுப்புவதற்கும் அதே சொல். இது தண்டனையா இல்லையா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. ரயில்வேயில் வேலை பார்த்த பர்ஷோத்தம் லால் திங்ரா என்பவர், தான் பொறுப்பு வகித்த மேல்பதவியிலிருந்து பழைய பதவிக்கு அனுப்பப்பட்டதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1957-ல் தீர்ப்பு வந்தது. பொறுப்புப் பதவியிலிருந்து ரிவர்ட் செய்வது எல்லா நேரத்திலும் தண்டனை ஆகாது. தண்டனையாகச் செய்தால் மட்டுமே அரசியலமைப்புச் சட்டத்தின் 311-வது பிரிவு தரும் பாதுகாப்பு உண்டு என்பது அதன் சாரம். அரசு ஊழியர் வழக்குகளில் இன்றும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது. சட்டத்தில் நிலத்துக்கும் இந்தச் சொல் உண்டு. குத்தகைக் காலம் முடிந்ததும் நிலம் உரிமையாளரிடமே போய்ச் சேருவதைச் சொல்வார்கள்.

பாருங்கள், கம்ப்யூட்டர், ஆபீஸ், நீதிமன்றம் எல்லா இடத்திலும் ஒரே பொருளில் இருந்த சொல், நம் மெயில்களுக்குள் வந்ததும் பதில் என்று ஆகிவிட்டது. 'கெட் பேக் டு யூ' என்று ஒரு வழக்கு ஆங்கிலத்தில் உண்டு. விசாரித்துவிட்டு உங்களுக்குச் சொல்கிறேன் என்று பொருள். அதில் பேக் இருக்கிறது. அதைக் கொஞ்சம் கனமாக, ஆபீஸ் தோரணையில் சொல்ல நினைத்து, கெட் என்பதை எடுத்துவிட்டு ரிவர்ட்டை வைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். 'ரிவர்ட் பேக் டு யூ' பிறந்தது அப்படித்தான் இருக்க வேண்டும்.

அப்படியானால் இந்தியாவில் இத்தனை லட்சம் பேர் எழுதுவது தப்பா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்திய வழக்கு என்ற குறிப்போடு இந்தப் பொருளைச் சில ஆங்கில அகராதிகளே இப்போது சேர்த்துக்கொண்டுவிட்டன. சிங்கப்பூர், மலேசியா அலுவலகங்களிலும் இப்படி எழுதுகிறார்கள். உங்கள் பேங்க் மேனேஜருக்கு ரிவர்ட் என்று எழுதினால் அவருக்குப் புரியும். சிரிக்கவும் மாட்டார், ஏனென்றால் அவரும் அப்படித்தான் எழுதுவார். சொற்கள் இடம் மாறினால் பொருள் மாறும், அதில் தப்பில்லை. என் கவலை வேறு. படிப்பவர் யார் என்று தெரியாத இடத்தில், இரண்டு பொருள் தரக்கூடிய சொல்லை ஏன் போட வேண்டும்? அதிலும் தேதி, பணம், பதிவு, ஒப்பந்தம் பற்றிய மெயிலில் ரிவர்ட் என்று போட்டால் வெளிநாட்டுக்காரருக்கு இரண்டு பொருளும் பொருந்திப் போகும். பொருந்தாமல் இருந்தால்கூட, என்ன சொல்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டிருப்பார். பொருந்திவிட்டதால் அந்த அம்மா கேட்கவே இல்லை. அவர் தன்னிஷ்டமாக மனம் மாறியதாக நானும் நினைத்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் மரியாதையாக நடந்துகொண்டதால் வந்த வினை.

இன்னொன்று. மெயில் அடிக்கும்போது தப்பான வார்த்தைக்குக் கீழே சிவப்புக் கோடு வருமே, அது இங்கே உதவாது. ஆர்-இ-வி-இ-ஆர்-டி என்று எழுத்துகள் சரியாக இருந்தால் ஸ்பெல் செக்கர் சும்மா இருந்துவிடும். எழுத்துப் பிழையைப் பார்ப்பதுதான் அதன் வேலை. நீங்கள் என்ன சொல்ல வந்தீர்கள் என்று அதற்குத் தெரியாது.

என்ன எழுதலாம்?

மிகவும் எளிதானது ரிப்ளை. 'வீ வில் ரிப்ளை பை டுமாரோ' என்றால் உலகத்தில் எந்த மூலையிலும் புரியும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். 'ப்ளீஸ் ரிப்ளை மீ' என்று எழுதக்கூடாது. ரிப்ளை என்ற சொல்லுக்கும் ஆளுக்கும் நடுவில் டு வர வேண்டும். ப்ளீஸ் ரிப்ளை டு மீ. அல்லது வெறுமனே ப்ளீஸ் ரிப்ளை என்று நிறுத்திவிடலாம்.

எனக்குப் பிடித்தது 'லெட் யூ நோ'. 'வீ வில் லெட் யூ நோ பை டுமாரோ வெதர் தி ரூம் இஸ் ஃப்ரீ' என்று அன்றைக்கு எழுதியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். இதில் ஒரு வசதி உண்டு. எதைத் தெரிவிக்கப் போகிறோம் என்று அதே வாக்கியத்தில் சொல்லும்படி அது நம்மைத் தள்ளும்.

கெட் பேக் என்று எழுத விரும்பினால் முழுதாக எழுதுங்கள். 'ஐ வில் கெட் பேக் டு யூ டுமாரோ' என்றால் நாளை உங்களுக்குச் சொல்கிறேன். இதில் 'டு யூ' என்பதை விட்டுவிட்டு 'ஐ வில் கெட் பேக் டுமாரோ' என்றால், வெளியூர் போயிருக்கிறேன், நாளை ஊருக்குத் திரும்புகிறேன் என்றாகிவிடும். டு என்பதற்குப் பதில் கை தவறி அட் என்று போட்டுவிட்டால் இன்னும் ஆபத்து. 'கெட் பேக் அட் யூ' என்றால் உன்னைப் பழி வாங்குகிறேன் என்று பொருள்! வாடிக்கையாளருக்கு இப்படி ஒரு மெயில் போனால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ரிவர்ட் என்ற சொல்லை அதன் சொந்தப் பொருளில் எழுதும்போது அடுத்து டு வரும். எந்த நிலைக்குத் திரும்பியது என்பது அதற்கடுத்து வரும். 'தி ஸ்க்ரீன் ரிவர்ட்டட் டு தி ஓல்ட் செட்டிங்' என்பது போல. பேக் தேவையில்லை.

இந்த விஷயம் புரிந்த பிறகு நான் செய்த முதல் வேலை, நான் இதுவரை எழுதிய மெயில்களைத் தேடியது. நீங்களும் செய்து பாருங்கள். ஜிமெயிலின் மேலே உள்ள தேடும் பெட்டியில் ஆங்கிலத்தில் இன் என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் சென்ட் என்று அடியுங்கள். பிறகு ஒரு இடைவெளி விட்டு ரிவர்ட் என்று அடித்து என்டர் தட்டுங்கள். நீங்கள் அனுப்பியவற்றில் அந்தச் சொல் உள்ள மெயில்கள் மட்டும் வரிசையாக வந்து நிற்கும். நான் எண்ணிக்கொண்டே போனேன். அறுபதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன்.

பழக்கம் லேசில் போகாது. கை தானாக அடிக்கும். எம்.எஸ். வேர்டில் கடிதம் அடிப்பவர்கள் ஒரு தந்திரம் செய்யலாம். ஃபைல் மெனுவில் ஆப்ஷன்ஸ் தேர்ந்தெடுத்து, இடப் பக்கம் ப்ரூஃபிங் என்பதைக் கிளிக் செய்யுங்கள். ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்ற பட்டனை அழுத்தினால் ஒரு டயலாக் பாக்ஸ் திறக்கும். ரீப்ளேஸ் என்ற கட்டத்தில் ரிவர்ட் பேக் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். பக்கத்தில் வித் என்ற கட்டத்தில் கெட் பேக் என்று அடியுங்கள். ஆட் அழுத்தி ஓகே கொடுங்கள். இனி நீங்கள் பழக்க தோஷத்தில் ரிவர்ட் பேக் என்று அடித்து ஸ்பேஸ் பாரைத் தட்டியதும், வேர்ட் அதை கெட் பேக் என்று மாற்றிவிடும். பின்னால் 'டு யூ' சேர்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு. வெறும் ரிவர்ட் என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் இப்படி மாற்றும்படி வைக்காதீர்கள். அது சரியான இடத்தில் வரும்போதும் வேர்ட் மாற்றித் தொலைக்கும்.

ஜிமெயிலில் வேறு ஒரு வசதி இருக்கிறது, இதைக் கட்டாயம் செய்து வையுங்கள். மேலே பல்சக்கரம் போன்ற ஐகானைக் கிளிக் செய்து, சீ ஆல் செட்டிங்ஸ் தேர்ந்தெடுங்கள். ஜெனரல் என்ற டேபில் அன்டூ சென்ட் என்று ஒரு வரி இருக்கும். அதில் 5, 10, 20, 30 நொடி என நான்கு அளவுகள் உண்டு. 30-ஐத் தேர்ந்தெடுத்து, பக்கத்தின் அடியில் உள்ள சேவ் சேஞ்சஸ் பட்டனை அழுத்துங்கள். இனி சென்ட் அழுத்திய பிறகும் அரை நிமிடம் உங்கள் கையில் இருக்கும். மெயிலை நிறுத்தி மறுபடி படித்துப் பார்க்கலாம். உண்மையில் ரிவர்ட் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

போனில் அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வில் என்று அடித்ததும் கீபோர்டே ரிவர்ட் என்று எடுத்துக் கொடுக்கும். நாம் கற்றுக் கொடுத்ததுதான். கூகுளின் ஜிபோர்டில் அப்படி வரும் சொல்லின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, மேலே தெரியும் குப்பைத் தொட்டிக்கு இழுத்துவிட்டால் அது பிறகு தொந்தரவு செய்யாது.

இதே மாதிரி நம் ஊரில் ஒரு பொருளும் வெளியில் ஒரு பொருளும் தரும் இன்னொரு சொற்றொடர் பாஸ் அவுட். வேலைக்கு விண்ணப்பம் அடிக்க என் சென்டருக்கு வரும் பிள்ளைகள் பத்தில் எட்டுப் பேர், 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2016' என்று எழுதி எடுத்து வருவார்கள். ராணுவத்தில் பயிற்சி முடித்து வெளியேறுவதற்கு இந்தச் சொல் உண்டு. சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் நடப்பது பாஸிங் அவுட் பரேடுதான். ஆனால் சாதாரணமாக ஒரு அமெரிக்கரிடம் இதைச் சொன்னால், 2016-ல் நான் மயங்கி விழுந்தேன் என்று எடுத்துக்கொள்வார். கிராஜுவேட்டட் என்று எழுதிவிட்டால் வம்பே இல்லை.

தேதியை முன்னால் கொண்டுவருவதற்கு நாம் சொல்லும் ப்ரீபோன் நல்ல சொல். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இடம் பிடித்துவிட்டது. என்றாலும் வெளிநாட்டுக்காரருக்கு எழுதும்போது தேதியை நேரடியாகப் போட்டுவிடுவதுதான் நல்லது. அதையும் எண்களாகப் போடாதீர்கள். 5/12 என்று எழுதினால் நமக்கு டிசம்பர் 5, அமெரிக்கருக்கு மே 12. மாதத்தின் பெயரை எழுத்தில் எழுத இரண்டு நொடிதான் கூடுதலாகும்.

அந்தத் தம்பதி விஷயத்தை முடித்துவிடுகிறேன். நடந்தது என்ன என்று புரிந்ததும் மாமா அவர்களிடம் அறை வாடகை வாங்க மறுத்துவிட்டார். அவர்கள் வற்புறுத்திக் கொடுத்துவிட்டுப் போனார்கள். போகும்போது அந்த அம்மா, அடுத்த தீபம் எப்போது என்று கேட்டார். பஞ்சாங்கம் பார்த்து, 2019 டிசம்பர் 10 என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மாதத்தை எழுத்தில்தான்.

ஜூலையில் மெயில் வந்தது. மாமா என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். உங்களுக்கு அறை உறுதி, டிசம்பர் 8 முதல் டிசம்பர் 12 வரை, வேறு எதுவும் மாறாது என்று மூன்று சின்ன வாக்கியங்கள் அடித்தேன். சென்ட் பட்டன் மேல் மவுஸை வைத்தபோது மாமா என் கையைப் பிடித்தார்.

"அந்த வார்த்தை இல்லியே மாப்ள?"

"இல்ல மாமா."

"சரி, அனுப்பு."